பனிமலைப் பாகம்

கவரப்பேட்டை
15.6.2008

குவைத்தில் இருக்கும் என் மகள் ஜோதிலட்சுமிக்கு உன் நைனா அரசப்பன் தன் கையாலேயே எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மன்னித்துக்கொள். வரி நேராகப் போகமாட்டேன் என்கிறது. ஒரு எழுத்து எருமை அளவு, அடுத்தது ஈ அளவு. ஆனால் இதை மோசஸ் தபால்காரர் எழுதவில்லை, மாப்பிள்ளை சடையப்பனும் எழுதவில்லை. அறுபத்தெட்டு வயதில் நானே எழுதுகிறேன். இவ்வளவு எழுத நான்கு சாயங்காலம் ஆனது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளைக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. உன் மகள் செல்வி நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்கு முழங்கால் மட்டும் வலி.

சத்துணவுக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்கு வயதானவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அஞ்சம்மாள் டீச்சர் நடத்துகிறார். பத்துப் பெண்கள், ஆண் நான் ஒருவன். டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். "இன்னா பெருசு, பொம்பளைங்க கிளாஸ்ல உனக்கு இன்னா வேலை?" நான் விடவில்லை. "நாப்பது வருசம் செங்குன்றம் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினேன். மூட்டை மேல இன்னா எழுதிக்கீதுன்னு ஒருநாளும் தெரியாது. இப்ப தெரிஞ்சிக்கப் போறேன், உனக்கு இன்னா நோவுது?" என்றேன். உன்னை அனுப்பிவைத்த ஏஜென்ட்டின் அம்மா முத்தம்மாள்தான் என் பக்கத்தில் உட்காருகிறாள். என் சிலேட்டைப் பார்த்து எழுதுவாள். நான் தப்பாக எழுதினால் அவளும் தப்பாக எழுதுவாள்.

இன்னொரு சந்தோஷம். ஞாயிறு காலை பத்து மணிக்கு டிவியில் ஜப்பான் பொம்மைப்படம் ஒன்று வருகிறது. செல்விதான் என்னை இழுத்து உட்காரவைத்தாள். இப்போது அவள் மறந்தாலும் நான் மறப்பதில்லை. பல வருஷமாக ஓடும் கதையாம், இது ஐந்தாம் பாகம், பனிமலைப் பாகம் என்று செல்வி சொல்கிறாள். ஹினோரி என்று ஒரு பெண் முதுகில் வெண்கல மணியைக் கட்டிக்கொண்டு ஏழு மலை தாண்டிப் போகிறாள். கடைசி மலையில் மாட்டினால்தான் அவள் ஊருக்கு மழை வரும். கூட ஒரு கூழைக்கடா, அதற்குப் பேச்சு வரும். தோபெய் என்று ஒரு குண்டன், எல்லோருடைய மூட்டையையும் அவன்தான் சுமக்கிறான். மூட்டையைத் தோளுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறான் பார், அதுதான் சரியான கட்டு. வரைந்தவன் மூட்டை தூக்கியவனைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான். ஒன்றுதான் புரியவில்லை. அடிக்கப்போகும் அடியின் பெயரைக் கத்திச் சொல்லிவிட்டு அடிக்கிறார்கள். எதிரியும் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறான். நல்ல மனுஷன்.

ஆவணியோடு உன் இரண்டு வருஷம் முடிகிறது. எந்தத் தேதிக்கு ஏர்போர்ட்டுக்கு வரவேண்டும் என்று எழுது. 

உன் நல்லதையே நினைக்கும்
நைனா

*

குவைத்
5.7.2008

அன்புள்ள நைனாவுக்கு ஜோதியின் வணக்கம்.

நான் நலம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுங்கள். செல்விக்கும் அவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் அரிசிப் பீப்பாய் மேல் வைத்துப் படித்தேன். பாதியில் கண் மறைத்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் மில்லில் மூட்டை அடுக்கியது மாதிரி அழுத்தமாக இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, யார் சிரித்தாலும் கவலைப்படாதீர்கள்.

அந்தப் பொம்மைப்படம் இங்கேயும் வருகிறது நைனா! இந்த வீட்டுக் குழந்தைகள் தினமும் சாயங்காலம் பார்க்கிறார்கள். நான் துணி மடித்துக்கொண்டே பார்ப்பேன். ஆனால் இங்கே எல்லோரும் அரபியில் பேசுகிறார்கள். கூழைக்கடாகூட அரபிதான். தினமும் போடுவதால் உங்களைவிட நாங்கள் வெகுதூரம் முன்னால் போய்விட்டோம். முதல் மலை ஏறும்போது ஹினோரி ஒரு கிழவியிடம் நின்று என்னவோ சொல்கிறாள், கிழவி அழுகிறாள். என்ன சொன்னாள்? எனக்குப் படம் மட்டும்தான் தெரியும். பேச்சு உங்களிடம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு டிரைவர் ரஃபி அண்ணன் நம் பழவேற்காட்டுக்காரர். அவர்தான் இதைத் தபாலில் போடுகிறார். அவருடைய பெட்டி எண்ணுக்கே எழுதுங்கள். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். இனிமேல் நான் எழுதுவதை நீங்களே படிப்பீர்களா? வேறு யாரும் படித்துச் சொல்ல வேண்டாம்தானே?

வேலை கூப்பிடுகிறது. நிறுத்துகிறேன்.

உங்கள் ஜோதி

*

கவரப்பேட்டை
27.7.2008

என் கண்ணான ஜோதிக்கு, நைனா எழுதுவது. இங்கே சுகம், அங்கே உன் சுகத்தைக் கேட்கிறேன்.

உன் கடிதத்தை நானே படித்தேன். காலையில் ஆரம்பித்து மதியச் சோற்றுக்குள் முடித்துவிட்டேன். யார் கையிலும் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்கமாட்டேன். மாப்பிள்ளை கை நீட்டினார். "இது என் பேருக்கு வந்தது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். "இன்னா மாமா, ஊட்ல போஸ்ட் ஆபீஸே வெச்சிக்கிறியா?" என்று சிரித்தார்.

ஆனால் எனக்கு மனதுக்குள் படிக்க வரவில்லை. சத்தம் போட்டால்தான் எழுத்து கூடுகிறது. வாயை மூடினால் எழுத்தும் வாயை மூடிக்கொள்கிறது. போகப் போகச் சரியாகும் என்கிறார் டீச்சர்.

நீ கேட்ட இடத்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பாட்டி, மணியை மாட்டிட்டு இதே வழியாத்தான் திரும்பி வருவேன். அப்போ எனக்கு என்ன சமைச்சுத் தருவீங்க?" என்று ஹினோரி கேட்கிறாள். கிழவியின் பெண் அப்படிப் போனவள்தான். அதனால் அழுகிறாள்.

போன ஞாயிறு இங்கே பெரிய துக்கம். தொங்கு பாலத்தில் எதிரிகள் துரத்தி வந்தார்கள். தோபெய் எல்லோரையும் அக்கரைக்கு அனுப்பிவிட்டுக் கயிற்றை அறுத்துவிட்டான். அவனும் மூட்டையும் பள்ளத்தில் போனார்கள். செல்வி இரண்டு வேளை சாப்பிடவில்லை. நானும் காபி குடிக்கவில்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை. நீதான் முன்னால் போய்விட்டாயே, அவன் பிழைத்து வருகிறானா என்று எழுது.

நீ எந்தத் தேதி வருகிறாய் என்பதை எழுதவில்லை. பக்கம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. இந்தத் தடவை அதை முதலில் எழுது.

பெரியபாளையத்தம்மன் உன் கூடவே இருப்பாள்.
நைனா

*

குவைத்
22.8.2008

அன்பு நைனாவுக்கு ஜோதி வணங்கி எழுதுவது. உங்கள் எல்லோருடைய உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

செல்வியைச் சாப்பிடச் சொல்லுங்கள். தோபெய் வருகிறான். ஆறாவது மலையில் பனிப்புயல் அடிக்கும்போது அதே மூட்டையோடு வந்து நிற்கிறான். நான் என் கண்ணால் பார்த்தேன்.

நைனா, இப்போது நான் எழுதப்போவது உங்களுக்கு மட்டும். நீங்கள் படிக்கக் கற்றுக்கொண்டதால்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை ஏஜென்ட்டின் கடைக்குத்தான் போன் போட்டுத் தருகிறார்கள். அங்கே அவர் ஸ்பீக்கர் போட்டுக் கேட்கிறார், இங்கே வீட்டுக்கார மேடம் பக்கத்தில் நிற்கிறார்.

என் பாஸ்போர்ட் மேடத்தின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. இரண்டு வருஷம் முடிந்துவிட்டது என்றேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்க ஏஜென்ட் ஒப்புக்கொண்டுவிட்டார் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை நைனா. வெளியே போக விடுவதில்லை. முடியாது என்று சொன்ன நாளில் அடி விழுந்தது. இப்போது வலி இல்லை.

பெருநாள் கழிந்து அக்டோபர் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டார் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்கள். காலை பத்து மணிக்கு ரஃபி அண்ணன் தெருமுனையில் வண்டியோடு நிற்பார். என்னை இந்தியத் தூதரகத்தில் விட்டுவிடுவார். உள்ளே போய்விட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

செல்வியின் அப்பாவிடம்கூட இப்போது சொல்லாதீர்கள். அவர் ஏஜென்ட்டின் சட்டையைப் பிடிப்பார், செய்தி ஒரே போனில் இங்கே வந்துவிடும். இதற்கு முன் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் மகள்
ஜோதி

*

கவரப்பேட்டை
7.9.2008

மகள் ஜோதிக்கு நைனா எழுதுவது. உடம்பைக் கவனித்துக்கொள்.

கடிதம் வந்தது. தோபெய் வருவான் என்று செல்வியிடம் சொன்னேன். மூன்று தோசை தின்றாள். தெருவில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டாள். யாரும் நம்பவில்லை. "எங்கம்மா பார்த்துக்கீது, உங்கம்மா பார்த்துக்கீதா?" என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று கரண்ட் போய்விட்டது. சரியாகப் பத்து மணிக்குப் போய்ப் பன்னிரண்டுக்கு வந்தது. இனிமேல் தினமும் இரண்டு மணி நேரம் நிறுத்துவார்களாம். நான்காவது மலையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. கூழைக்கடாவின் அலகில் ஹினோரி ஒளிந்திருந்தாளே, அதோடு நிற்கிறது.

நீ எழுதிய மற்றதையும் படித்தேன். அந்த ஞாயிறு வேண்டாம் அம்மா. சோழவரத்தில் ஒரு ஜோசியரிடம் கேட்டேன். அன்று கரிநாளாம். வேறொரு நாள் பார்த்துக்கொள். ரஃபியிடமும் சொல்லிவிடு. அந்த நாள் வேண்டவே வேண்டாம்.

எனக்கு எழுத்து இன்று சரியாக வரவில்லை. கை நடுங்குகிறது.

நைனா

*

குவைத்
24.9.2008

நைனாவுக்கு ஜோதியின் வணக்கங்கள். உங்கள் கை ஏன் நடுங்குகிறது? காய்ச்சலா? சர்க்கரை பார்த்தீர்களா?

நீங்கள் எப்போது நாள் பார்க்க ஆரம்பித்தீர்கள்? அம்மா பஞ்சாங்கம் கேட்டு வந்தால் மூன்று நாள் கேலி செய்வீர்களே. பயந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நான் பயப்படவில்லை. இந்த ஞாயிறு விட்டால் அவர்கள் எப்போது வெளியே போவார்கள் என்று தெரியாது.

மேடம் இருபது நாளாக வாசல் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொள்கிறார். நோன்பு மாதம், வருவோர் போவோர் அதிகம், அதனால் இருக்கும். பின்பக்கக் கதவு இருக்கிறது.

நான்காவது மலையில் என்ன ஆனது என்று நேரில் வந்து சொல்கிறேன். செல்விக்கு ஒரு முத்தம்.

உங்கள் ஜோதி

*

கவரப்பேட்டை
6.10.2008

என் மகளே,

உன் சுகத்தைக் கேட்க வாய் வரவில்லை. கரண்ட் நிறுத்தும் நேரம் மாறியதால் நேற்று காலை பத்து மணிக்கு டிவியில் படம் ஓடியது. நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தெருமுனைக்கு வந்திருப்பாள், இப்போது வண்டியில் ஏறியிருப்பாள் என்று. அங்கே பத்தாக இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது என்று டீச்சர் இன்றுதான் சொன்னார். செல்வி, "தாத்தா, படத்தைப் பாரு, அப்புறம் என்னைக் கேக்காத" என்று திட்டினாள்.

நீ வந்து சேர்ந்திருந்தால் இந்தக் கடிதம் வீண். வீணாகப் போகட்டும். சேராவிட்டால், காரணம் நான்.

ஜோசியரிடம் நான் போகவில்லை. பொய் எழுதினேன். நடந்தது இது.

உன் கடிதம் வந்த அன்று மோசஸ் அதை வகுப்பு நேரத்தில் கொண்டுவந்தார். முன்பு பார்க்காத தாளைக் கொடுத்தால் உடனே யார் படிப்பது என்று டீச்சர் அன்று பரீட்சை வைத்திருந்தார். செய்தித்தாளை நீட்டினார். நான், "டீச்சர், எனக்கு வேற தாள் கீது" என்று உறையைக் கிழித்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. பத்துப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தோபெய் வருகிறான் என்று படித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவர்களுக்குத் தோபெய் யார் என்றே தெரியாது.

அப்புறம் படித்தேன். உங்களுக்கு மட்டும் என்பதையும் சத்தமாகத்தான் படித்தேன். எனக்கு ஒவ்வொரு எழுத்தாக வாயால் சொல்லி, சொல்லாகக் கூட்டி, வரியை முடித்து, அப்புறம்தான் பொருள் தெரியும். கேட்கிறவர்களுக்கு அப்படி இல்லை அம்மா. நான் 'பா', 'ஸ்' என்று திக்கிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சிரித்த முகங்கள் மாறிவிட்டன. நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் படித்தேன். அக்டோபர் ஐந்து, ரஃபி, பத்து மணி, எல்லாம். டீச்சர்தான் எழுந்து வந்து தாளின் மேல் கை வைத்தார். "போதும் தாத்தா" என்றார். உன் வாழ்க்கை அந்தத் தாளில் இருந்தது என்று அந்த அறையில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்.

முத்தம்மாள், "எனக்குத் தல நோவுது" என்று எழுந்து போனாள்.

மறுநாள் காலை ஏஜென்ட் வண்டியில் வந்தார். இறங்கவில்லை. "இன்னா பெருசு, உன் பொண்ணு ஓடப் பாக்குதாமே?"

"ஓடல. ஊட்டுக்கு வர்றா" என்றேன்.

"அங்க இருக்கறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். பேஜாரு பண்ணாத" என்று சொல்லி, என் எதிரிலேயே போன் போட்டார். எனக்குப் புரியாத பாஷை. நடுவில் உன் பெயர் மட்டும் இரண்டு தடவை வந்தது. நான் அவர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்குச் செய்தி டீக்கடையில் கிடைத்தது. "ஊருக்கே தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியுது மாமா" என்றார். அதோடு சரி. அப்போதிருந்து என்னோடு பேசுவதில்லை.

யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று எழுதினேன். கையில் கொடுக்கவில்லை. வாயால் கொடுத்துவிட்டேன்.

இதைப் போன தடவையே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ அதன்பின் எனக்கு எழுதமாட்டாயோ என்று பயம். அந்தப் பயத்துக்காக ஜோசியரைக் கொண்டுவந்தேன்.

நைனா

*

குவைத்
2.11.2008

மரியாதைக்குரிய அரசப்பன் பெரியவருக்கு, பழவேற்காடு ரஃபி ஸலாம் சொல்லி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

வருத்தமான சேதி. அந்த ஞாயிறு நான் ஒன்பதரையிலிருந்து மதியம் வரை தெருமுனையில் வண்டியோடு நின்றேன். தங்கச்சி வரவில்லை. அன்று மாலை பையோடு அவரை ஒரு வண்டியில் ஏற்றினார்கள். மேடத்தின் அக்கா வீடு, ஊருக்கு வெளியே பண்ணைப் பக்கம் என்று அவர்கள் வீட்டுத் தோட்டக்காரர் சொன்னார். சரியான இடம் எனக்குத் தெரியாது.

போன வாரம் பெட்ரோல் பங்கில் அந்த வண்டியைப் பார்த்தேன். தங்கச்சி பின்சீட்டில் இருந்தார். உங்கள் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. கண்ணாடி பக்கம் போய் நீட்டினேன். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பயமாக இருக்கலாம்.

தூதரகத்தில் விசாரித்தேன். பாஸ்போர்ட் எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். ஊரில் கலெக்டரிடம் மனு கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு
ரஃபி

*

கவரப்பேட்டை
23.11.2008

மகள் ஜோதிக்கு நைனா. எங்கே இருந்தாலும் நீ வேளைக்குச் சாப்பிடு. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்று ரஃபி எழுதியிருந்தான். வண்டியில் அவர்கள் முன்னால் வேறு என்ன செய்வாய், பாவம்.

போன திங்கட்கிழமை பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். அங்கே மனு எழுதிக் கொடுக்க வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன். இரண்டு பக்கம். வாங்கியவர், "யாரு தாத்தா எழுதினது, ஸ்கூல் புள்ளையா?" என்றார். நான் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாஸ்போர்ட் எண் கேட்டார்.

அது என்னிடம் இருந்தது. எப்படி என்றால், முத்தம்மாள் கொடுத்தாள். வகுப்புக்கு அவள் வருவதை நிறுத்தியிருந்தாள். நான் திருவள்ளூர் போவதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, ரேஷன் கடை வரிசையில் என் பின்னால் வந்து நின்றாள். "அண்ணா, அவன் பீரோல நெறைய காயிதம் கீது. முன்னெல்லாம் எனக்கு எல்லாம் ஒண்ணுதான். இப்ப படிக்கத் தெரியுதே. ஜோதிலட்சுமின்னு போட்டுக்கினு இருந்துச்சு, அத்த மட்டும் எடுத்தாந்தேன்" என்று முந்தானையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தாள்.

"உன் புள்ள கேட்டா?"

"கேக்கட்டும். நான் சொன்னதாலதான் அவன் போன் போட்டான். அவன் சும்மா கேட்டான், நானும் சும்மா சொன்னேன் அண்ணா. இப்டி ஆவும்னு எனக்குத் தெரியாது."

எனக்கும்தான் தெரியாது என்றேன். சர்க்கரை வாங்காமல் இரண்டு பேரும் வரிசையை விட்டு வந்துவிட்டோம்.

மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படும்' என்று அச்சடித்திருக்கிறது. எப்போது, யாருக்கு என்று பின்பக்கமும் தேடிப் பார்த்தேன். பின்பக்கம் வெற்றுத்தாள்.

ஹினோரி ஐந்தாவது மலையைத் தாண்டிவிட்டாள்.

உனக்காக விளக்கேற்றும்
நைனா

*

கவரப்பேட்டை
4.1.2009

என் ஜோதிக்கு நைனா எழுதுவது. போனில் உன் குரலில் சளி கட்டியிருந்தது. மிளகு போட்டு வெந்நீர் குடி. புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும்.

வியாழக்கிழமை நீ பேசினாயே, அப்போது இங்கே யார் யார் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. என் மனுவை விசாரிக்க ஒரு அலுவலர் வந்திருந்தார். ஏஜென்ட்தான் தன் கடைக்கு எல்லோரையும் வரச்சொன்னார். ஸ்பீக்கர் போட்டார். "நல்லா இருக்கேன் நைனா, இன்னும் ரெண்டு வருசம் இருக்க ஒத்துக்கினேன்" என்று நீ சொன்னாய். உனக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதும் கேட்டது. அலுவலர் எழுதிக்கொண்டார்.

செல்வி போனைப் பிடுங்கி, "அம்மா, தோபெய் எங்கம்மா வந்தான்? இங்க ஆறாவது மலை வர்றதுக்குள்ள நிறுத்திட்டு மொதல் பாகத்துலருந்து போடறாங்கம்மா" என்றாள். "வந்தான் கண்ணு. நான் பார்த்தேன்" என்றாய். இப்போது இருக்கும் வீட்டில் டிவி இல்லை என்றாய்.

அப்புறம் என்னிடம் சொன்னாய். "ரஃபி அண்ணன்தான் நைனா சொல்லிட்டாரு. அந்தத் தேதி அவரைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது. காயிதம்னு வந்து நீட்டினாரு. இனிமே அவர் கையால எத்த குடுத்தாலும் வாங்கமாட்டேன்."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலர், இந்தப் பக்கம் ஏஜென்ட், வாசலில் மாப்பிள்ளை. செல்வி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று வகுப்பில் வராத கூச்சம் அப்போது வந்தது. "உடம்பைப் பார்த்துக்கோ" என்றேன். போன் நின்றுவிட்டது.

மனுதாரரின் மகள் நலமாக உள்ளார், மனுதாரர் திருப்தியடைந்தார் என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். அதை மனதுக்குள்ளேயே படித்தேன். உதடு அசையவில்லை, முழுசாகப் படித்தேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அலுவலர் கோபப்படவில்லை. 'கையொப்பமிட மறுத்தார்' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனார்.

ஏஜென்ட் கடைக்கதவை இழுத்தார். "மனு குடுத்தல்ல பெருசு? இதான் கடைசி போனு" என்றார்.

ரஃபிக்கு எல்லாவற்றையும் தனியாக எழுதிவிட்டேன். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை ஜோதி. மதியம் வரை வெயிலில் நின்றவன் அவன். உன்னைக் காட்டிக்கொடுத்தது உன் நைனாவின் வாய். எப்படி என்று அக்டோபரில் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதுவும் அவனிடம்தான் இருக்கிறது. இதையும் அவனுக்குத்தான் அனுப்புகிறேன், வேறு விலாசம் எனக்குத் தெரியாது. அவன் கையிலிருந்து வாங்கலாம் என்று உனக்குத் தெரிய வேண்டுமென்றால் இதைப் படிக்க வேண்டும். இதைப் படிக்க வேண்டுமென்றால் அவன் கையிலிருந்து வாங்க வேண்டும். மூன்று நாளாக வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். எப்படி எழுதினாலும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

இன்று படம் ஒன்பதரைக்கே ஆரம்பித்துவிட்டது. முதல் பாகம் உனக்கும் தெரியாது அல்லவா? அங்கே டிவியும் இல்லை. அதனால் இனி படத்தையும் பேச்சையும் சேர்த்து நானே எழுதுகிறேன். ஹினோரியின் ஊரில் கிணறு வற்றிவிட்டது. தோபெய் இன்னும் அவளைச் சந்திக்கவில்லை. சந்தையில் யாருடைய மூட்டையையோ தூக்கிக்கொண்டு பாதையைக் கேட்டு நிற்கிறான், யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அதற்குள் கரண்ட் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று, இன்வெர்ட்டர் வைத்திருக்கும் எதிர்வீட்டில் கேட்டு வைத்து, அடுத்த வாரம் எழுதுகிறேன்.

நைனா